பாப்பாவின் கோரைப்பல்

எங்கள் கிளினிக் இருந்த மாடியில் இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். அந்தத் தெருவில் போகும்போதெல்லாம் என் கால் தானாக மாடிப்படி பக்கம் திரும்பிவிடும். கீழே சைக்கிள் உதிரிபாகக் கடை அப்படியே இருக்கிறது, அதே டயர் வாசனை. மேலே ஏறினால்தான் கிராம்புத் தைல வாசனை இல்லை. எத்தனையோ வருஷம் அந்த வாசனை என் தலைமுடியிலும் துணியிலும் ஊறிக் கிடந்தது. அப்போது அதைத் திட்டித் தீர்த்தேன். இப்போது பேருந்தில் யாராவது பல்வலிக்குக் கிராம்பைக் கடித்துக்கொண்டு வந்தால் பக்கத்துச் சீட்டில் போய் உட்காரத் தோன்றுகிறது. என்ன மனசோ.

என் வீட்டுக்காரர் பல் டாக்டர். பெயர்ப் பலகையில் படிப்பெல்லாம் வரிசையாகப் போட்டிருந்தோம். ஊர் அதை எங்கே படித்தது? 'பிடுங்கி' என்று பெயர் வைத்துவிட்டது. "பிடுங்கி டாக்டர் இருக்காரா?" என்று படியேறும்போதே கேட்டுக்கொண்டு வருவார்கள். வாசலில் மேஜை போட்டு டோக்கன் கொடுப்பவள் நான், ரசீது எழுதுபவள் நான், வரிசையில் முந்துகிறவர்களோடு சண்டை போடுபவளும் நான்தான். ஆரம்பத்தில் அந்தப் பெயரைச் சொன்னவர்கள் மேல் எரிந்து விழுந்தேன். இவர் உள்ளேயிருந்து, "விடு, அவங்க மரியாதையாத்தான் சொல்றாங்க" என்பார். உண்மையில் இவருக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை.

பெருமைப்பட்டதும் தப்பில்லை. இவர் கையில் குறடு இருப்பதே தெரியாது. நாற்காலியில் சாய்ந்தவரிடம் ஊர்க்கதை கேட்பார், பையன் என்ன படிக்கிறான் என்பார், வாயில் பஞ்சு இருக்கும்போதே விலைவாசி பற்றி அபிப்பிராயம் கேட்பார். அவர் பதிலை யோசித்துக்கொண்டிருக்கும்போதே பல் தட்டில் கிடக்கும். ரொம்பப் பயந்தவர்களுக்கு மட்டும் தங்கச்சி கதை.

அந்தக் கதை நான் கல்யாணமாகி வந்த அன்றே எனக்கும் சொல்லப்பட்டது. இவருடைய தங்கையை வீட்டில் 'பாப்பா' என்பார்கள். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார், அண்ணன்தான் அவளுக்குச் சட்டை வாங்கியது, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது, பரீட்சைக்கு எழுப்பிவிட்டது எல்லாம். பாப்பாவுக்கு மேல்வரிசையில் இடது பக்கம் ஒரு தெத்துப்பல். கோரைப்பல் இடமில்லாமல் மேலே ஏறித் துருத்திக்கொண்டு நின்றது. காலேஜில் கேலி செய்தார்கள். கல்யாணம் பேசி முடித்து, போட்டோ எடுக்க நாள் குறித்ததும், "இதை எடுத்துவிடு" என்று அண்ணன் உயிரை வாங்கினாள். கிளினிக் திறந்த வாரம் அது. புது நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. ஏதோ பழைய சண்டையைக் கிளறி அவள் அண்ணனைத் திட்டிக்கொண்டே இருந்தாளாம், திட்டி முடிப்பதற்குள் பல் வெளியே. "என் தங்கச்சிதாங்க எனக்கு முதல் போணி" என்று இவர் சொல்லி முடிக்கும்போது, எதிரே இருப்பவரின் பயமும் பல்லும் சேர்ந்து போயிருக்கும்.

பாப்பா அவ்வப்போது ஊரிலிருந்து வருவாள். அவள் இருக்கும்போதும் இவர் இந்தக் கதையைச் சொல்வார். அவள் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருப்பாள். போட்டோவுக்கு நிற்கும்போது மட்டும் முகத்தை லேசாக ஒரு பக்கம் திருப்பிக்கொள்வாள். நாத்தனார் அல்லவா, கொஞ்சம் மிடுக்கு இருக்கத்தான் செய்யும் என்று நான் நினைத்திருந்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த மனிதர் ஐம்பது வயதில் புத்தகப் பை தூக்கியதற்குக் காரணம் ஒரு அம்மாள். மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "க்ளிப் போடணும் டாக்டர்" என்றாள். அப்போதெல்லாம் வாரத்துக்கு நாலு பேர் இப்படி வர ஆரம்பித்திருந்தார்கள். பல்லில் கம்பி கட்டி வரிசைப்படுத்தும் வேலை தனிப் படிப்பு, இவர் அதைத் தொட்டதில்லை. வழக்கம்போல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார். அந்த அம்மாள் படியில் இறங்கும்போது மகளிடம், "இவருக்குப் பிடுங்க மட்டும்தான்டி தெரியும்" என்றது மேலே வரைக்கும் கேட்டது.

 அன்று சாயங்காலம் இவர் பல் டாக்டர்கள் சங்கத்திலிருந்து வரும் பத்திரிகையை எடுத்து வைத்துக்கொண்டு, தொழிலில் இருக்கும் டாக்டர்களுக்காகவே ஒரு வகுப்பு நடக்கிறது, மாதத்தில் ஒரு சனி ஞாயிறு போனால் போதும் என்றார்.

"இந்த வயசுலயா? கண்ணாடியைத் தேடவே கால் மணி நேரம் ஆகுது உங்களுக்கு."

"அதுக்குத்தான் நீ இருக்கியே."

போனார். முதல் வகுப்பு முடிந்து வந்து இவர் சொன்ன கதையைக் கேட்டுச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. வகுப்பில் எல்லாருமே நரைத்தவர்கள், வழுக்கைகள். ஆளுக்கு ஒரு கிளினிக் வைத்து அதிகாரம் பண்ணுகிறவர்கள், அங்கே போனதும் கடைசி பெஞ்சுக்கு அடித்துக்கொள்கிறார்களாம். மூன்று கிளினிக் வைத்திருக்கும் ஒரு பெரிய மனிதர், பக்கத்தில் இருப்பவரின் இடுக்கியைச் சுட்டுவிடுவாராம். பாடம் எடுப்பது எங்கள் மகளுக்கு அக்கா வயதில் இருக்கும் ஒரு டாக்டர் பெண். "சார், பேசாதீங்க சார்" என்று அவள் ஒரு அதட்டல் போட்டால் இருபது தொப்பைகளும் நிமிர்ந்து உட்காருமாம்.

வீட்டுப்பாடம் வேறு. சாப்பாட்டு மேஜை முழுக்கக் கம்பி. தாளில் குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு வரைந்து, அதன் மேல் அச்சாக உட்காரும்படி கம்பியை வளைக்க வேண்டும். ஒரு கம்பி மேஜையில் நேராகப் படுக்கும்வரை விடமாட்டார். படுக்காத கம்பிகளெல்லாம் தரையில் விழுந்து என் காலில் குத்தும். "ஒரு நோயாளியையும் காணோம், என்னைத்தான் குத்திக் குத்திப் பழகுறீங்க" என்று நான் கத்துவேன். குனிந்த தலை நிமிராது.

அதைவிடக் கூத்து அந்த மெழுகு வாய். இரும்பில் தாடை, அதில் மெழுகு ஊற்றி, மெழுகில் பற்களைக் கோணல்மாணலாக நட்டிருப்பார்கள். பல்லுக்குப் பல் சிறு உலோகப் பொட்டு ஒட்டி, கம்பி கோத்து, வெந்நீரில் இறக்கினால் மெழுகு இளகும், கம்பி இழுக்கும், பற்கள் தாமாக நகர்ந்து வரிசைக்கு வரும். நிஜ வாயில் வருஷக்கணக்கில் நடப்பது தண்ணீரில் சில நிமிஷத்தில் நடந்துவிடும். பார்க்கப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதை இவர் என் பால் பாத்திரத்தில் செய்தார். அடுப்பில் வைத்துவிட்டு, யாரோ போனில் கூப்பிட, பேசப் போய்விட்டார். நான் வந்து பார்க்கும்போது தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, மெழுகு மேலே மிதக்கிறது, பற்களெல்லாம் பாத்திரத்தின் அடியில் உருண்டுகொண்டிருக்கின்றன.

"என்னங்க! உங்க பேஷண்ட் வெந்துட்டார்!"

ஓடி வந்து எட்டிப் பார்த்தார். "அவசரப்பட்டா இப்படித்தான் ஆகும்னு டீச்சரம்மா சொன்னா" என்றார், நான்தான் அவசரப்பட்டது போல. அந்தப் பாத்திரத்தில் பிறகு பால் காய்ச்சவே இல்லை. ஆனால் சொல்கிறேன், அந்த நாட்கள் நன்றாக இருந்தன. மகள் விடுதியில், வீட்டில் நாங்கள் இருவர்தான். எதிரே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே, இவர் நாக்கைத் துருத்திக்கொண்டு கம்பி வளைப்பதைப் பார்ப்பேன். கல்யாணமான புதிதில்கூட இவர் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

ஐந்தாவது வகுப்போ ஆறாவதோ, போய் வந்தவர் கம்பியைத் தொடவே இல்லை. அலைச்சல் என்று நினைத்தேன். அந்த வாரம் ஒரு வாத்தியார் பல்வலியோடு வந்தார், நாற்காலியில் உட்கார்ந்ததும் நடுங்கினார். சரி, தங்கச்சி கதை வரப்போகிறது என்று வெளியிலிருந்து காதைக் கொடுத்தேன். வரவில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். "இந்தப் பல்லுதானே வலிக்குது? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். வாத்தியாருக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தைரியமும் போயிற்று. மாத்திரை வாங்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அதற்கப்புறம் இதுவே வழக்கமாகிவிட்டது. எடுக்க வேண்டிய பல்லையும் "பாப்போம், அடுத்த வாரம் வாங்க" என்று தள்ளினார். பிடுங்கி பயப்படுகிறார் என்று கீழே சைக்கிள் கடையில் பேச்சு. ஒரு மத்தியானம் கிளினிக் கதவைச் சாத்திவிட்டு நான் நேரே போய் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"என்ன ஆச்சுன்னு சொல்லாம இங்கேருந்து எந்திரிக்க மாட்டேன்."

சொன்னார். அந்த வகுப்பில் டீச்சரம்மா ஒரு படம் போட்டிருக்கிறாள். துருத்திய கோரைப்பல்லைப் பிடுங்கிய ஒரு பெண்ணின் முகம், பதினைந்து வருஷம் கழித்து. உதட்டு ஓரம் உள்ளே ஒடுங்கி, முன்பற்கள் காலியிடத்துக்குச் சரிந்து, சிரிப்பே ஒரு பக்கமாகக் கோணியிருந்ததாம். "எந்தப் பல்லை வேணா தொடுங்க சார், இதை மட்டும் தொடாதீங்க" என்றாளாம். வேர் நீளமான பல் அதுதான், உதட்டின் ஓரத்தைத் தாங்குவதும் அதுதான். இடம் வேண்டுமென்றால் அதற்குப் பின்னாலிருக்கும் சின்னக் கடைவாய்ப்பல்லை எடுத்துவிட்டு, இதைக் கம்பி கட்டிக் கீழே இறக்க வேண்டும். "அய்யோ, நான் எத்தனை பேருக்கு எடுத்திருக்கேன்!" என்று இடுக்கி திருடுகிற டாக்டர் சொல்ல, வகுப்பே சிரித்திருக்கிறது.

"உங்களுக்கு அது தெரியாதா? காலேஜ்ல சொல்லித் தரலையா?" என்றேன்.

"சொன்னாங்க. பரீட்சையில எழுதியிருக்கேன். பாப்பா எதிர்ல நின்னு அழுதா, எடுத்துட்டேன்."

கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இவ்வளவு நாளா நான் பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சது என் தங்கச்சி முகத்தைக் கெடுத்த கதை. அவளை உக்கார வச்சுக்கிட்டே சொல்லியிருக்கேன்."

அப்போதுதான் எனக்கு அந்த போட்டோக்களெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஒரு பக்கமே திரும்பியிருக்கும் பாப்பாவின் முகம்.  என் வாய் சும்மா இருக்குமா? "போய்ச் சொல்லிடுங்க, கூடப்பிறந்தவதானே" என்றேன். "எப்படிச் சொல்வேன்? அவளுக்கு அப்பா மாதிரி நான். அவ என்னை நம்பி வாயைத் திறந்தா" என்றார். இவருக்கு வேறு எந்தப் பயமும் இல்லை. சொன்னால் அவள் கண்ணில் தன் இடம் போய்விடும், அவ்வளவுதான். சொல்லாவிட்டால் பல் பிடுங்கக் கை வராது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மனிதர் இளைத்துப் போனார்.

வகுப்பில் ஒரு நிபந்தனை இருந்தது. ஒவ்வொரு டாக்டரும் ஒரு நோயாளியைப் பிடித்து, டீச்சரம்மா மேற்பார்வையில் ஆரம்பம் முதல் கடைசி வரை க்ளிப் வைத்தியம் முடித்துக் காட்ட வேண்டும். ஒரு காலையில் இவர் பாப்பாவுக்குப் போன் போட்டார். பக்கத்தில் நின்றேன்.

"பாப்பா, எனக்கு கேஸ் ஒண்ணும் சிக்கலை. நீ வந்து உக்காரேன். உன் பல்லும் லேசா சரிஞ்சிருக்கில்ல, அதையே சரி பண்ணிக் காட்டிடறேன்."

நாற்பது தாண்டியவள், காலேஜில் படிக்கும் மகன் இருக்கிறான், வாயில் இரும்பைக் கட்டிக்கொள் என்றால் யாராக இருந்தாலும் கொஞ்சம் யோசிப்பார்கள். அவள் "எப்போ வரணும்?" என்று மட்டும் கேட்டாள்.

டீச்சரம்மா அவள் வாயைப் பார்த்துவிட்டு இரண்டு வழி சொன்னாள். வலது பக்கமும் ஒரு பல்லை எடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் சமமாகிவிடும், சீக்கிரம் முடியும். இல்லையென்றால் சரிந்த பற்களைத் திரும்பப் பழைய இடத்துக்கு நகர்த்தி, போன பல்லின் இடத்தைத் திறந்து, அங்கே செயற்கைப் பல் வைக்கலாம். அதற்கு இரண்டு வருஷம் பிடிக்கும். "இன்னொண்ணு எடுக்க மாட்டேன்" என்றார் இவர். பிடுங்கி வாயிலிருந்து வந்த பேச்சு.

அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஏக்கமாகத்தான் இருக்கிறது. மாதம் ஒரு முறை பாப்பா பேருந்து ஏறி வருவாள். மத்தியானம் கிளினிக்கில் இவர் கம்பியை மாற்றி முறுக்குவார். பிறகு மூவரும் வீட்டுக்கு நடந்து வருவோம். அவளுக்காக நான் எல்லாவற்றையும் குழைய வேகவைப்பேன். "அண்ணி, நீங்க சமைச்சதைப் பல்லு இல்லாதவங்க கூட சாப்பிடலாம்" என்பாள். "ஏன், உங்கண்ணனும் அதைத்தான் இவ்வளவு வருஷமா சாப்பிடறார்" என்பேன். நாத்தனார் வருகிறாள் என்றால் முகம் சுருங்குகிற ஆள்தான் நான், மறைப்பானேன்? அந்த இரண்டு வருஷத்தில் அவள் வருகிற தேதியை நாள்காட்டியில் வட்டம் போட்டுவைக்கும் அளவுக்கு ஆகிவிட்டேன். இரும்புப் பல்லோடு அவள் சிரித்தால் பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி இருக்கும். ஆனால் சாப்பிட்டதும் சீக்கிரம் கிளம்பிவிடுவாள். பேருந்தில் கூட்டம் ஏறிவிடும் என்பாள்.

ஒவ்வொரு தடவையும் கிளம்பும் முன் இவர் கேட்பார். "வலிக்குதா பாப்பா?"

"இல்லைண்ணா."

ஒவ்வொரு தடவையும் அவள் போன பிறகு நான் கேட்பேன். "சொன்னீங்களா?"

"அடுத்த மாசம் சொல்றேன்."

பற்கள் நகர்ந்தன. வெந்நீரில் போனது போல் இல்லை, மாதத்துக்கு ஒரு மயிரிழை. ஆனால் நகர்ந்தன. காலியிடம் திறந்தது, உதட்டு ஓரம் நிமிர்ந்தது. வகுப்பில் எல்லாருடைய கேஸையும்விட இவருடையது நன்றாக வந்திருக்கிறது என்று டீச்சரம்மாவே சொன்னாள். ஆனால் பல் பிடுங்க வருகிறவர்களிடம் இவர், "இதுதானே? இதுதானே?" என்று கேட்பது மட்டும் நிற்கவில்லை.

கடைசி நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, கிளினிக்கில் நாங்கள் மூவர் மட்டும். இவர் பொட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார், ஒட்டியிருந்த பசையைச் சுரண்டினார், புதுப் பல்லைப் பொருத்தினார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் கைக்கண்ணாடியை அவளிடம் கொடுத்தார். அவள் நேராகப் பிடித்துப் பார்த்தாள், சிரித்துப் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அழகாக இருந்தாள் என் நாத்தனார், உள்ளதைச் சொல்ல வேண்டும்.

இவர் கையுறையைக் கழற்றாமலே நின்றார். நான் முழங்கையால் இடித்தேன்.

"பாப்பா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு உன் பல்லை நான் எடுத்திருக்கவே கூடாது. அது எடுக்கக்கூடாத பல்லு. தெரிஞ்சும் எடுத்துட்டேன்."

அவள் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்ணா."

"என்ன தெரியும்?"

"கல்யாணமான புதுசுல எங்க ஊர்ல ஒரு டாக்டர்கிட்ட போனேன், சொத்தைப் பல்லுக்கு. அவர் வாயைப் பாத்ததும் 'எந்த மடையன்மா இந்தப் பல்லைப் பிடுங்கினான்?'னு கத்தினார். எல்லாத்தையும் விளக்கமா சொன்னார்."

"நீ என்ன சொன்னே?"

"நான் பிறந்த ஊர்ல ஒரு வயசான டாக்டர், அவர் செத்துப் போயி ரொம்ப நாளாச்சுன்னேன்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. இவர் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இவ்வளவு வருஷம் ஒரு வார்த்தை சொல்லலையே. நான் அந்தக் கதையைச் சொல்றப்போல்லாம் சிரிச்சுக்கிட்டு இருந்தியே."

"நான் அழுதுதானே எடுக்க வச்சேன்? அந்தக் கதை சொல்லும்போது நீ எவ்வளவு சந்தோஷமா இருப்பே தெரியுமா? அதைக் கெடுக்க எனக்கு மனசு வரலை."

"அப்போ இந்தக் கம்பி? இந்த ரெண்டு வருஷம்?"

"கேஸ் கிடைக்கலைன்னு போன் பண்ணியே, அப்பவே உன் குரல்ல தெரிஞ்சிடுச்சு, உனக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சுன்னு. என் பல்லு எனக்குப் பழகிடுச்சுண்ணா, எனக்கு அதுல ஒரு குறையும் இல்லை. உனக்குத்தான் சரி பண்ணியாகணும்னு இருந்துச்சு. பண்ணட்டும்னு வந்து உக்காந்தேன்."

 விளக்கை அணைக்கக்கூடத் தோன்றாமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.

இவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "வலிச்சுதா?"

"ஒவ்வொரு தடவையும். இங்கேருந்து பஸ் ஏறினா ஊர் போற வரைக்கும் அழுதுகிட்டுதான் போவேன்."

"மாசா மாசம் கேட்டேனே பாப்பா. இல்லை, இல்லைன்னியே?"

"ஆமான்னு சொல்லியிருந்தா நீ கழட்டியிருப்பியேண்ணா."